ஏறும் வண்டிக்கு வழி

கணபதி ஏரியாவில் நான் வேலை பார்த்த பட்டறையில் மாடிக்கு ஏற ஒரே ஒரு இரும்புப் படிக்கட்டுதான் உண்டு. ஒரு ஆள் அகலம். கீழிருந்து யாராவது முதல் படியில் காலை வைத்துவிட்டால் போதும், மேலேயிருந்து பாதி இறங்கிவிட்ட எங்கள் டிரைவரண்ணன் அப்படியே நின்று, திரும்பாமல் பின்பக்கமாகவே படி ஏறி, மாடி வாசலில் ஒதுங்கிக்கொள்வார். வருகிறவர் கையில் சுமை இருக்க வேண்டும் என்பதில்லை. நான் வெறுங்கையோடு போனாலும் இதே மரியாதைதான். மத்தியானம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிட மாடிக்கு வருவார்கள். அந்த நேரம் பார்த்து அவர் கீழே போகக் கிளம்பினால் இறங்குவதும் ஏறுவதுமாகக் கால்மணி நேரம் ஓடிவிடும்.

"ஏனுங்ணா, எங்களப் பாத்தா லோடு லாரி மாதிரியா தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏறுற வண்டி நிக்கப்படாதுங்க அம்மணி. எறங்கறவனுக்கு என்ன, சித்த நேரம் கழிச்சு எறங்கிக்கலாம்" என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். பட்டறையில் அவரை டிரைவரண்ணன் என்றுதான் கூப்பிட்டோம், செய்த வேலை ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுப்பது என்றாலும். அதற்கு முன்பு இருபது வருஷம் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் பஸ் ஓட்டியவர். இடது கண்ணில் நரம்பு கெட்டுப் பார்வை போனதும் பெரிய வண்டிக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதே இல்லை. பேசும்போது நல்ல கண் நம் பக்கம் வரும்படி தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

நான் அதே பட்டறையில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிறவள். அவரைவிட ஆறு வயது சின்னவள். சிக்னலில் என் ஸ்கூட்டி முதல் வரிசையில் நிற்காவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே விளையாட்டில் கொண்டுபோய் உட்கார வைத்த பெருமை எங்கள் முதலாளியைச் சேரும்.

முதலாளிக்கு விமானக் கிறுக்கு. மாடியில் ஒரு அறையை ஒழித்து, மூன்று கம்ப்யூட்டர் போட்டு, கிளைடர் ரேஸ் விளையாட்டை அதில் ஏற்றி வைத்தார். கிளைடர் என்றால் என்ஜின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மேலே விட்டுவிடும். அதற்கு அப்புறம் காற்று விட்ட வழி. வெயிலில் சூடான நிலத்திலிருந்து சில இடங்களில் காற்று மேலே எழும்பும். அதைத் தெர்மல் என்பார்கள். அதற்குள் வட்டமடித்து உயரம் சேர்க்க வேண்டும். சேர்த்த உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து அடுத்த தெர்மல் வரைக்கும் போக வேண்டும். இப்படியே இருநூறு கிலோமீட்டர் சுற்றி, குறித்துக் கொடுத்த இடங்களைத் தொட்டு, முதலில் திரும்பி வருகிறவர் ஜெயித்தவர். நடுவில் உயரம் தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு வயக்காட்டில் இறங்கி உட்கார வேண்டியதுதான்.

காலால் மிதிக்கும் பெடல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார் முதலாளி. நான் டிராயிங் போட, எங்கள் லேத்திலேயே கடைந்து முடித்தோம். பெடல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. பெடலுக்கு வாஷர் மாற்ற வந்த டிரைவரண்ணனும் பக்கத்து நாற்காலியில் அப்படியே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவார். மத்தியானம் ரேஸ். பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் எங்களை மாதிரியே கற்றுக்குட்டிகள் ஏழெட்டுப் பேர் இணையத்தில் வந்து சேருவார்கள்.

முதல் இரண்டு மாதம் நான் விழாத காடு கிடையாது. தூரத்தில் ஒரு மேகத்தைப் பார்த்தால் போதும், அடியில் தெர்மல் இருக்கும் என்று முழு வேகத்தில் அதை நோக்கி ஓட்டுவேன். வேகம் கூடினால் உயரம் தண்ணீராகச் செலவாகும் என்று முதலாளி சொன்னது காதில் விழும், கைக்குப் போய்ச் சேராது. போய்ச் சேருவதற்குள் மேகம் கலைந்திருக்கும். அப்புறம் சோளக்காடு.

டிரைவரண்ணன் ஒருநாள்கூட அப்படி விழவில்லை. நாற்காலியைத் திரைக்கு இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அலுங்காமல் ஓட்டுவார்.

"இது பூரா எறக்கந்தானுங்க அம்மணி. தெர்மல்ல ஏறுற நேரம் போக பாக்கியெல்லாம் எறங்கிட்டேதான் இருக்கறோம். எறக்கத்துல அவசரப்பட்டா முடிஞ்சுதுங்க" என்பார்.

ஆனால் ஜெயித்ததும் இல்லை. காரணம் அந்தப் படிக்கட்டு வியாதிதான். பத்துப் பேரும் ஒரே தெர்மலில் சுற்றிக்கொண்டிருப்போம். அவர்தான் எல்லோருக்கும் முன்னால் அதைக் கண்டுபிடித்து மேலே போயிருப்பார். கீழேயிருந்து ஒருவன் விறுவிறுவென்று ஏறி அவரை நெருங்குவான். உடனே இவர், "வாங்க, வாங்க, ஏறுங்க" என்று மைக்கில் தமிழில் சொல்லிவிட்டு வெளியே விலகிவிடுவார். அந்தப் புனேக்காரனுக்கு ஒரு எழுத்து புரிந்திருக்காது. அவன் பாட்டுக்கு ஏறிப் போய்விடுவான். இவர் இன்னொரு தெர்மல் தேடி அலைந்து, கடைசியில் ஆறாவதோ ஏழாவதோ வருவார்.

ஒரு முறை நான் தெர்மலுக்குள் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு நுழைந்துவிட்டேன். முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும் சுற்ற வேண்டும். அது பாலபாடம். நான் போன வேகத்தில் நேராக அவர்மேலேயே மோதினேன். திரையில் இரண்டு கிளைடரும் சிதறின. தப்பு முழுக்க என்னுடையது. அவர் கிளைடரை ஓட்டும் ஸ்டிக்கை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மணி, உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு என்ன ஆகப் போகிறது? முதலாளியும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அவர் மேற்கொண்டு ஓட்டவில்லை. கீழே ஸ்டோர்ஸுக்குப் போய் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்துக் கற்றுக்குட்டிகளுக்கென்று ஒரு போட்டித் தொடர் அறிவித்தார்கள். முதலில் வருகிற ஒருவருக்கு வடக்கே ஒரு மைதானத்தில் நிஜக் கிளைடரில் ஒரு சுற்று. இரண்டு பேர் உட்காரும் கிளைடர். பின்சீட்டில் பைலட், முன்சீட்டில் ஜெயித்தவர். அன்று சாயங்காலமே டிரைவரண்ணன் முதலாளியிடம் போய் நின்றார்.

"முன்சீட்டுல உக்கார ரெண்டு கண்ணும் வேணும்னு கேப்பாங்களுங்களா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. ஓட்டறது பைலட். நீங்க சும்மா உக்காந்து வேடிக்கை பாக்க வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

மறுநாள் காலையில் வந்து இதையே இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு என் மேசைப் பக்கம் வந்தார்.

"இருவது வருசமுங்க. மலையிலிருந்து எறங்கறப்பல்லாம் கியர்ல புடிச்சுப் புடிச்சுத்தான் எறக்குனேன். என்ஜின் அந்தக் கத்து கத்தும். ஒருக்காவாச்சும் சத்தமே இல்லாம எறங்கிப் பாக்கோணும்னு இருக்குது" என்றார்.

அவர் தனக்காக ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் அவர் ஓட்டிய ஓட்டமே வேறு. புள்ளிப் பட்டியலில் மேலே வந்தார். நானும் வந்தேன். ஆனாலும் வழிவிடும் பழக்கம் போகவில்லை. கடைசிக்கு முந்தின ரேஸில் கையில் இருந்த வெற்றியை யாருக்கோ ஒதுங்கி நின்று தாரை வார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அண்ணா, இது கம்ப்யூட்டர். இதுல யாரும் சாகறதில்ல. ஒதுங்காம உங்க வட்டத்த நீங்க சுத்துனா வாரவன் பாத்துப் போறான். யாருக்கு மரியாதை பண்றீங்க?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மரியாதை இல்லீங்க அம்மணி. நான் வேலைக்குச் சேந்த புதுசு. நல்ல மழை. பொள்ளாச்சிக்கு லேட்டாப் போச்சு. மேலயிருந்து எறங்கிட்டிருக்கறேன், வெறகு லோடோட ஒரு லாரி ஏறி வருது. நான் நின்னிருக்கோணும். முந்தீரலாம்னு நெனச்சு வளைவுக்குள்ள வந்துபோட்டேன். லாரிக்காரன் பாதி வளைவுல நிறுத்த வேண்டியதாப் போச்சுங்க. லோடு வண்டி ஏத்தத்துல நின்னா பின்னால உருளும். லோடுமேன் ஒருத்தரு டயருக்குக் கல்லு வெக்கக் குதிச்சாரு. கல்லு வெச்ச கைய எடுக்கறதுக்குள்ள டயரு மேல வந்துருச்சு."

நான் மைக்கை அணைத்தேன்.

"சோத்துக் கைல மூணு விரலு போச்சுங்க. கேசு கீசு ஒண்ணும் ஆகல. என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கவுமில்ல. அவருக்கு ஊரு கொடுமுடி. வருசத்துக்கு ஒருக்கா போயிப் பாத்துப்போட்டு வாரேன். காப்பி வெச்சுக் குடுப்பாங்க. அவரு அந்தக் கையிலதான் டம்ளரப் புடிச்சு நீட்டுவாரு. வேணும்னு பண்றாரா, பழக்கமான்னு தெரியலீங்க."

சொல்லிவிட்டு எழுந்து கீழே போனார். படியில் யாரோ ஏறி வந்தார்கள் போலிருக்கிறது, திரும்ப மேலே வந்து வாசலில் நின்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் கடைசி ரேஸுக்கு உட்கார்ந்தேன். இந்த இடத்தை இரண்டு வருஷமாக எழுதி எழுதி அழித்துவிட்டேன். இந்தத் தடவை அழிக்கப் போவதில்லை.

கடைசி ரேஸ் எங்கள் மலைகளின்மேலேயே நடந்தது. பட்டியலில் அவரும் நானும் சமமாக இருந்தோம், இதில் எங்களில் முந்துகிறவருக்குத்தான் முதலிடம். யாரோ ஒரு புண்ணியவான் ஆனைமலையையும் பழனி மலையையும் அந்த விளையாட்டுக்குள் அச்சு அசலாக வரைந்து வைத்திருந்தான். பொள்ளாச்சியில் தொடங்கி, ஆழியாறு, வால்பாறை, பழனி மலை ஓரம் தொட்டு, மறுபடி பொள்ளாச்சி. இருபது வருஷம் பார்த்த மலை. எந்தப் பாறை முதலில் சூடாகும் என்று டிரைவரண்ணனுக்கு அத்துப்படி. வால்பாறைக்குப் போய்ச் சேருவதற்குள் மற்றவர்களெல்லாம் பின்னால் எங்கோ. நான் அவருடைய வாலைப் பிடித்துக்கொண்டே போனேன். திரும்பி வரும் வழியில் உடுமலைக்கு மேலே அவருக்கு ஒரு நல்ல தெர்மல் கிடைத்தது. அங்கே இன்னும் ஆறு வட்டம் அடித்தால் போதும், எங்கும் நிற்காமல் பொள்ளாச்சிக்கு இறங்கிவிடலாம். அவர் சுற்ற ஆரம்பித்தார். முதலாளி நகத்தைக் கடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார்.

நான் ரொம்பக் கீழே இருந்தேன். அதே தெர்மலில் அவருக்கு நேர் அடியில் வந்து சேர்ந்தேன். காற்று நடுவில் பலமாக இருந்தது, நெருக்கி வட்டமடித்ததில் மளமளவென்று ஏறினேன். நான் கொஞ்சம் தள்ளிச் சுற்றியிருக்கலாம். அங்கேயும் காற்று இருந்தது, மெதுவாக ஏறியிருப்பேன், இரண்டாவதாக வந்திருப்பேன். அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நடுவிலேயே இருந்தேன். அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணா, உங்களுக்கு அடியில ஏறிட்டு வாரேன்."

"ஏறுங்க அம்மணி" என்றார். அந்த நொடியே விலகிவிட்டார்.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். டிரைவரண்ணன் மேற்கே போய்த் தேடினார். அங்கே காற்று இல்லை. பொள்ளாச்சிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் இறங்கினார். நான் அவர் விட்டுவிட்டுப் போன தெர்மலில் மிச்சமிருந்த உயரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தேன்.

"சந்தோசமுங்க அம்மணி. நல்லா ஓட்டுனீங்க" என்றார். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவருடைய நாற்காலியைப் பழைய இடத்தில் எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மனசு கேட்கவில்லை. ஆனால் அந்த முன்சீட்டை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான். கூட ஒருவரை அழைத்து வரலாம் என்றதும் அவரைக் கூப்பிட்டேன். அங்கே போய்ப் பேசி அவரையே ஏற்றிவிடலாம் என்று ரயிலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். மைதானத்தில் அது நடக்கவில்லை. அனுமதிச் சீட்டில் என் பெயரும் என் போட்டோவும் இருந்தன. மாற்ற வேண்டுமானால் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். முன்பே எழுத எனக்கு ஒரு மாதம் இருந்தது.

"அதுக்கென்னங்க. நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க, போதும். ஒண்ணுவிடாமப் பாத்துட்டு வந்து சொல்லோணும்" என்றார். என் கைப்பையை வாங்கிக்கொண்டு தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் பறந்தவள் என்ற தைரியத்தில்தான் ஏறி உட்கார்ந்தேன். அங்கே விமானம் வந்து இழுக்கவில்லை. மைதானத்தின் மறுகோடியில் ஓர் இயந்திரம் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுத்தது. நான்கு நொடிகூட ஆகியிருக்காது, கிளைடர் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு எழும்பியது. கண்ணை இறுக்கி மூடினேன். அப்புறம் திறக்கவே இல்லை. பின்னாலிருந்து பைலட் இந்தியில் என்னென்னவோ காட்டிக்கொண்டே வந்தார். "ஜீ, ஜீ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை துணிந்து திறந்தபோது என் முழங்கால் இரண்டும் தெரிந்தன. மறுபடி மூடிக்கொண்டேன். ஒன்பது நிமிஷம். சக்கரம் தரையில் உரசிய பிறகுதான் திறந்தேன்.

டிரைவரண்ணன் கைப்பையோடு ஓடி வந்தார். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. சாவகாசமாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தார் போலிருக்கிறது. மறுநாள் காலை ரயிலில், ஜன்னலோரம் எதிரெதிராக உட்கார்ந்ததும் நல்ல கண்ணை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க அம்மணி. சத்தம் எப்படிங்க இருந்துச்சு?"

அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். "ஜன்னல் கண்ணாடி சரியா மூடாத பஸ்ஸுல போற மாதிரி, காத்து மட்டும் சீறிட்டே இருந்துச்சுங்ணா" என்றேன்.

"அட. என்ஜின் சத்தம் துளிகூட இல்லீங்களா?"

"துளிகூட இல்ல."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். நம்முடைய நிழல் கீழே காட்டுக்குள் ஓடுமே, தெரிந்ததா? தெரிந்தது என்றேன். குளம், கிணறு ஏதாவது வெயிலில் பளிச்சென்று அடித்ததா? அடித்தது. பருந்து ஏதாவது கூட வந்து சுற்றியதா?

"வந்துச்சுங்ணா."

"எந்தப் பக்கம் சுத்துச்சுங்க?"

"வலது பக்கம்."

"பைலட்டும் அது சுத்துன பக்கமே சுத்துனாருங்களா?"

"ஆமாங்ணா."

"அதாங்க பழக்கம்" என்று சொல்லி, அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடுமலைக்கு மேலே நான் செய்ததையும் சொல்லவில்லை. ஈரோடு வரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் மாடியில் எல்லோரும் வட்டமாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது லேத் ஆட்களில் ஒருவர் கிளைடர் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். வாயில் சோறு என்று கையைக் காட்டினேன். அவர்கள் டிரைவரண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சொல்ல ஆரம்பித்தார்.

இரும்புக் கயிறு இறுகியதிலிருந்து தொடங்கினார். மூக்கு மேலே போனதும் மைதானம் பின்னால் சரிந்ததைச் சொன்னார். கயிறு கழன்றதும் எல்லாச் சத்தமும் நின்று காற்று மட்டும் மிஞ்சியதைச் சொன்னார். கடுகுக் காட்டு மஞ்சளின்மேல் நிழல் ஒரு வரப்பைத் தாண்டி அடுத்த வரப்புக்கு ஏறி இறங்கி ஓடியது. ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். பருந்து கழுத்தை ஒடித்து இவர்களைப் பார்த்தது, அதன் சிறகு முனையில் ஒரு இறகு இல்லை. இதில் பாதிக்கு மேல் நான் சொல்லாதது. கை இரண்டையும் அகல விரித்து, இருந்த இடத்திலேயே மெதுவாகச் சாய்ந்து அவர் வட்டமடித்தபோது யாரும் சாப்பிடவில்லை.

"அப்படியேதானுங்களா அம்மணி?" என்று லேத்துக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்படியேதானுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்லத்தான் நான் அன்றைக்கு எதன்மேல் பறந்தேன் என்பதை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.